பெட்டி கெஞ்சுகிறது, பம்ப் அசையவில்லை
ஜெர்மனியில் எங்கள் வீட்டுக் கூரை சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தில், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பை ஓட்டலாம் என்று, மின்சாரம் மிஞ்சும்போது பம்ப்புக்குச் சொல்லும் ஒரு எனர்ஜி மேனேஜர் பெட்டி வாங்கி மாட்டினேன். பெட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே 'எஸ்ஜி ரெடி' இணைப்பு. பெயர்தான் பெரிசு, உள்ளே இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அவை சேர்ந்து நான்கு நிலை, அவ்வளவுதான். மூன்றாவது நிலை 'இப்போது ஓடினால் நல்லது' என்ற பரிந்துரையாம். உத்தரவு இல்லையாம்! நண்பகலில் 5 கிலோவாட் சொற்ப விலைக்கு பொது மின் கிரிடுக்குப் போகிறது, பம்ப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒருவழியாகக் கிளம்பினால் அதற்குள் மேகம் வந்துவிடும். உடனே நிறுத்தவும் முடியாது. கம்ப்ரஸர் கெடாமல் இருக்கக் குறைந்தபட்ச ஓட்ட நேரம் வேறு. கேட்டால் பெட்டிக்காரர் பம்ப்பைக் கைகாட்டுகிறார், பம்ப்காரர் பெட்டியை. ராத்திரி 2 மணிக்கு மட்டும் யாரும் சொல்லாமலே ஓடுகிறது, சனியன்.