சிப்பின் பெயரைப் பெட்டியில் எழுதினால் குடியா முழுகிவிடும்?

நான் கேட்பது பெரிய வரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை தரும் குட்டிச் சாதனமான யூஎஸ்பி வைஃபை டாங்கிள் விற்கிறீர்கள். அதற்குள் எந்தக் கம்பெனியின் எந்தச் சிப் இருக்கிறது என்று பெட்டியில் ஒரு வரி அச்சடியுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வைத்திருப்பவன் காசையும் கொடுத்துவிட்டு ராத்திரித் தூக்கத்தையும் தொலைக்கிறான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம், பிராசசரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டுமாம். அக்கா மகளின் லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லு மாதிரி ஓடுகிற மெஷினை எதற்குக் காயலான் கடையில் போடுவது என்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்டுக் கொடுத்தேன். சவுண்டு, கேமரா, டச்பேட் எல்லாம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்துவிட்டன. உள்ளே இருந்த வைஃபை கார்டு மட்டும் முன்பே செத்துப்போயிருந்தது. சரி, ஒரு டாங்கிள் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன்.

“இதுல என்ன சிப்செட்ங்க?”

“அதெல்லாம் எதுக்கு சார்? டூயல் பேண்டு, 600 எம்பிபிஎஸ். பிளக் அண்டு பிளே.”

“லினக்ஸ்ல வருமா?”

“எல்லாத்துலயும் வரும் சார்.”

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எம்ஆர்பி இருக்கிறது. இறக்குமதி செய்தவரின் முழு முகவரி, மாதம், வருடம், புகார் சொல்ல ஒரு போன் நம்பர், எல்லாம் இருக்கின்றன. சட்டம் கேட்கிறது, அதனால் இருக்கின்றன. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எந்த நம்பர் எமல்சிஃபையர் போட்டோம் என்று எழுதுகிறான். இத்தனை ரூபாய் எலக்ட்ரானிக்ஸ் பெட்டியில் உள்ளே இருக்கும் ஒரே ஒரு முக்கியமான பொருளின் பெயர் இல்லை. ஒரு மூலையில் பொடி எழுத்தில் ‘லினக்ஸ் கெர்னல் 2.6 முதல் 4.4 வரை’ என்று மட்டும் இருந்தது. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. அதில் 4.4 வந்தது 2016 ஜனவரியில். மின்ட் 22 வரும்போதே 6.8 கெர்னலோடு வந்தது. பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து செருகினேன். வைஃபை பட்டியல் வரவில்லை. அதற்குப் பதிலாக டெஸ்க்டாப்பில் ஒரு சிடி ஐகான் முளைத்தது. திறந்தால் உள்ளே ‘செட்டப்.இஎக்ஸ்இ’.

வேறு வழியில்லாமல் இந்தக் கூத்தை விளக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி டாங்கிள்களுக்கு இரட்டை வேஷம். செருகியதும் முதலில் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ்காரர் அதற்குள் இருக்கும் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, போடுவார். போட்டதும் அது வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். விண்டோஸ் இல்லாத இடத்தில் யார் வேஷத்தைக் கலைப்பது? அது பாட்டுக்குச் சிடியாகவே உட்கார்ந்திருக்கும். அதை ‘எஜெக்ட்’ செய்தாலோ, யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவியால் ஒரு தட்டுத் தட்டினாலோதான் நிஜ முகத்தைக் காட்டும். வைஃபை வேண்டுமென்றால் இல்லாத சிடியை வெளியே தள்ள வேண்டும். இதை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ!

தள்ளினேன். இப்போது ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளையை அடித்தால் ஒரு அடையாள எண் தெரிகிறது. அதை வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் சிப் எது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். என் கெர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. மென்பொருள்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரோ ஒரு நல்ல மனுஷர், சம்பளமும் இல்லாமல் நன்றியும் இல்லாமல், சிப் கம்பெனி எப்போதோ வீசிவிட்டுப் போன பழைய நிரலைத் தட்டிக்கொட்டி வைத்திருக்கிறார். அதை இறக்கி, மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்குத்தானே ஐயா இந்த டாங்கிள்! போனைக் கேபிளில் மாட்டி, அதன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போட்டேன். அது மறுபேச்சு இல்லாமல் வேலை செய்தது.

கம்பைல் ஆனது. லோடு ஆகவில்லை. தடுத்தது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடாதாம். அதற்கு ஒரு சாவியை உருவாக்கி, ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் வரும் மெனுவில் பாஸ்வேர்டு அடித்துப் பதிய வேண்டும். அந்த மெனுவைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அதுவே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. டீ எடுக்கப் போனவன் கதி அதோகதி.

கடைசியில் வந்துவிட்டது வைஃபை. அக்கா மகளும் சந்தோஷமாகப் போனாள். அடுத்த கெர்னல் அப்டேட் வரும் வரைக்கும்தான். புதுக் கெர்னலில் ஏதோ ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறியிருக்கிறது, பழைய நிரல் கம்பைல் ஆகவில்லை. “மாமா, நெட் போயிடுச்சு” என்று போன்.

கெர்னல்காரர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் பதில் தயாராக இருக்கும். டிரைவர்கள் வந்து ஒட்டும் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருக்க மாட்டோம், டிரைவரைக் கெர்னலுக்குள் கொண்டுவந்து சேருங்கள், அப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் கொள்கை. கெர்னலின் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதற்காக எழுதிய குறிப்பே கெர்னல் ஆவணங்களில் இருக்கிறது. தொழில்நுட்பமாக யோசித்தால் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய சிப் கம்பெனி கேட்கவில்லையே. இரண்டு பேருக்கும் நடுவில் அடிவாங்குவது கல்லூரிப் பாடத்தைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்.

இதையெல்லாம்விட எரிச்சல் ஒன்று இருக்கிறது. நல்ல சிப் இருக்கிற மாடல் எது என்று தெரிந்துகொண்டு வாங்கினாலும் தப்பிக்க முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸின் ஏஆர்9271. லினக்ஸில் செருகினால் போதும், ஓடும். அதனால் அந்த மாடலுக்கு நல்ல பேர். இரண்டாம் பதிப்பில் சத்தமில்லாமல் ரியல்டெக் சிப்புக்கு மாற்றிவிட்டார்கள். பேர் அதே, மாடல் நம்பர் அதே, சிப் மட்டும் வேறு. பழைய பரிந்துரையை நம்பி வாங்கிய எத்தனையோ பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஸ்டிக்கரில் ‘வெர்’ என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆன்லைனில் வாங்குகிறவன் ஸ்டிக்கரை எங்கே பார்ப்பது?

சில சாதனங்களில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யின் எண் இருக்கும். அதைத் தேடினால் சாதனத்தைப் பிரித்து எடுத்த படங்கள்கூடச் சில சமயம் கிடைக்கும். நம்மூர்க் கடையில் வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அமெரிக்க அரசாங்கத்தின் ஆவணத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறிவுரை சொல்ல வருகிறவர்களை வேறு தாங்க முடியவில்லை. ஒரு கூட்டம், “பேசாம விண்டோஸ் போட வேண்டியதுதானே?” அது போட முடியாமல்தான் இங்கே வந்தோம் என்று எத்தனை தடவை சொல்வது? இன்னொரு கூட்டம் நம் லினக்ஸ் ஆட்கள்தான். “என்கிட்ட நல்லா ஓடுதே ப்ரோ.” ஓடட்டும். உன் மெஷினில் ஓடுவதால் என் மெஷினில் இருக்கும் சிப் மாறிவிடுமா?

இந்த வயிற்றெரிச்சலுக்கு வயது அதிகம் என்பதுதான் வேடிக்கை. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டர் அடிக்கடி பேப்பரைச் சிக்கவைத்தது. மென்பொருளைத் திருத்தலாம் என்று அங்கே புரோகிராமராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டபோது மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் நாம் பிரிண்டரிலிருந்து டாங்கிளுக்குத்தான் வந்திருக்கிறோம்.

இப்போது கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் மீடியாடெக் சிப் போட்ட டாங்கிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எம்டி7612யூ, எம்டி7921ஏயூ இரண்டில் எதுவானாலும் சரி. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் “இதில் என்ன சிப்செட்?” என்று கேள்வி போட்டேன். மறுநாளே பதில் வந்துவிட்டது.

“கருப்புக் கலர் சார். ஒரு வருஷம் வாரண்டி உண்டு.”