மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ ஆன பிறகு

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி உள்ளவர்களின் மனச்சோர்வுக்கு நோய் பற்றிய பயமே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. எங்கள் பக்கம் பலருக்கு இந்த நோய் இருப்பது தெரியவருவதே வளைகுடா வேலைக்கான மெடிக்கலில்தான். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. பாசிட்டிவ், அன்ஃபிட், அவ்வளவுதான். ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தை நெரிக்கும். என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். கூடச் சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் சித்தி கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்து அவன் வெளியே கிளம்பிவிடுவான்.

ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் நோய் இது. ஷேவிங் ரேசரைப் பகிரக் கூடாது, தட்டைப் பகிரலாம். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும் மாத்திரைகூடத் தேவைப்படாது, ஆனால் கல்லீரலை விடாமல் பரிசோதிக்க வேண்டும். எச்ஐவிக்கு அரசின் பரிசோதனை, ஆலோசனை இடங்களான நம்பிக்கை மையங்களில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சித்தப்பா மகனுக்குக் கையில் கிடைத்தது ரிப்போர்ட் மட்டும்தான். மெடிக்கல் சென்டர்களிலும் அப்படி ஒரு கவுன்சலர் இருந்தாக வேண்டும்.