இரண்டு பையும் ஒரே பெட்டிக்குள்

உக்குவதையும் உக்காததையும் பிரித்து வையுங்கள் என்றார்கள். சரி, வைக்கிறோம். மீன் செதில், மரக்கறித் தோல் எல்லாம் தென்னைக்கு அடியில் போகிறது; வன்னி வளவில் அதற்கா இடமில்லை? மிச்சத்தில் போத்தல் ஒரு பை, பொலித்தீன் ஒரு பை. குப்பை எடுக்க வரும் உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டும் ஒன்றாய்ப் போய் விழுகின்றன. கேட்டால், "எங்களுக்குத் தெரியாது அண்ணை, மேல கேளுங்கோ."

"குப்பையைக் குறைப்போம்" என்று சந்தியில் பதாகை வேறு. அதுவும் பிளாஸ்டிக்.

20 மைக்ரோனுக்கு மெல்லிய பைகளும், சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றும் 2017இலேயே நாடு முழுக்கத் தடை. கிளிநொச்சிப் பக்கம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் இன்னும் அதே வழுவழுத் தாள். பிறகு அது ஏ9 வீதியோரம் பறக்கும், கட்டாக்காலி மாடு மென்றுகொண்டு நிற்கும். பத்துப் பச்சை மிளகாய்க்குப் பை வேண்டாம் என்றால், கடைக்காரர் என்னைக் கடன் கேட்க வந்தவனைப் போலப் பார்க்கிறார்.