நுரை வந்தால் அசல் நிலவேம்பா?

"நிலவேம்புக் குடிநீரைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள்; நுரை நின்றால் அசல், ஆண்ட்ரோகிராபோலைடு நிறைய இருக்கிறது." கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. ஆண்ட்ரோகிராபோலைடு என்பது நிலவேம்புக்குக் கசப்பைத் தரும் முக்கிய வேதிப்பொருள்.

நுரை பெரும்பாலும் சபோனினை, அதாவது சோப்பு போல நுரைக்கும் தாவரப் பொருளைக் காட்டும். பாட்டிலில் ஒட்டிய சோப்பும் நுரைக்கும்! ஆண்ட்ரோகிராபோலைடு டைட்டர்பீன் லாக்டோன் என்ற வேறு வகை வேதிப்பொருள்; தண்ணீரில் அதிகம் கரையாது, நுரையும் தராது. அதோடு, நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பையும் சேர்த்து 9 சரக்குகள். நுரை எதிலிருந்து வந்ததென்று எப்படிச் சொல்வது?

ஆய்வகத்தில் மெத்தனால் சாற்றைச் சிலிக்கா பூசிய தகட்டில், தூய ஆண்ட்ரோகிராபோலைடின் பக்கத்திலேயே புள்ளி வைத்து, கரைப்பானோடு மேலே ஏற விடுவார்கள். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் இரண்டும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். அதுவும் அடையாளம்தான், அளவைச் சொல்வது எச்பிஎல்சி (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவிச் சோதனை). தர அளவுகோலை, மருந்துகளின் தரத்தைச் சொல்லும் அதிகாரபூர்வ நூலான இந்திய பார்மகோபியாவில் 'கால்மேக்' (நிலவேம்பின் இந்திப் பெயர்) என்ற தலைப்பில் பார்க்கலாம்.

பகிர்ந்தவர்கள் அழித்துவிடுங்கள், மேலும் அனுப்பாதீர்கள்.