எம்பி4 ஆ மாத்தினாப்போல கட்டம் போகாது

தம்பி, "எம்கேவியை எம்பி4 ஆ மாத்தினா ரீவியில தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வாறது சரிவரும்" எண்டு மேல எழுதியிருக்கிறியள். அது பிழை. ரெண்டும் படம், சத்தம், சப்டைட்டில் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வைக்கிற வெறும் உறைதான். எழுத்தைக் காட்டுறது ரீவிக்குள்ள இருக்கிற எழுத்துரு. அதில தமிழ் இல்லையெண்டா எந்த உறையில போட்டாலும் கட்டம்தான்.

கேள்விக்குறியா வந்தா கதை வேற. எஸ்ஆர்டியை, அதாவது சப்டைட்டில் கோப்பை, நோட்பேட்டில தமிழைத் தாங்காத ஆன்சி குறியாக்கத்தில சேமிச்சிருப்பியள், எழுத்து அப்பவே அழிஞ்சிட்டுது. பழைய பிரதி இருந்தா எடுத்து தமிழைத் தாங்கிற யுடிஎஃப்-8 குறியாக்கத்தில சேமியுங்கோ.

இஞ்ச கிளிநொச்சிப் பக்கம் கனபேற்றை வீட்டில இருக்கிற பழைய ரீவிக்கு, ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்திற மென்பொருளில 'பேர்ன் இன்' குடுத்து படத்தோடையே பதிக்கிறதுதான் நம்பகமான வழி. பிறகு சப்டைட்டிலை நிப்பாட்டேலாது, பரவாயில்லை. முழுப்படத்தையும் மாத்த முதல் சின்னத் துண்டொண்டில 'கொ', 'கை' கொம்புகள் சரியான இடத்தில நிக்குதோ எண்டு பாருங்கோ.