நான்காவதாக வந்தவர் எழுதட்டும்

விளையாட்டில் நான்காம் இடத்தைப் போல நாதியற்ற இடம் வேறில்லை. முதல் மூவருக்கு மேடையும் பதக்கமும் உண்டு. நாற்பதாவதாக வந்தவருக்குக்கூட ‘ஒலிம்பிக் வரை போனோமே’ என்ற திருப்தி இருக்கும். நான்காமவருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. மூன்றாமவரின் முதுகு ஆயுளுக்கும் அவர் கண்ணில் நிற்கும். ஆனால் விளையாட்டைப் பற்றி எழுத வருகிறவருக்கு அதைவிட நல்ல தகுதி கிடையாது என்பது என் கட்சி. அதற்கு நான் அழைக்கும் முதல் சாட்சி கென்னி மூர்.

இந்தப் பெயரைக் கேள்விப்படவில்லையே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்களையே நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மூர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில் வளர்ந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மராத்தானில் 14-ஆவதாக வந்தார். 1970-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2 மணி 11 நிமிடம் 36 விநாடியில் ஓடி முடித்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நான்காவது. வெண்கலம் வாங்கிய எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே அவருக்கு 31 விநாடி முன்னால் முடித்திருந்தார். அவர்கள் ஓடிய வேகத்தில் கணக்குப் போட்டால் 160 மீட்டர் சொச்சம். 42 கிலோமீட்டரைக் கடந்துவந்த இரண்டு பேருக்கு நடுவே அவ்வளவுதான் இடைவெளி. மாமோவுக்கு அப்போது வயது நாற்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் பேனாவை எடுத்தவரல்லர் மூர். கல்லூரியில் தத்துவம் படித்தவர், பிறகு எழுத்துக்கலையில் முதுகலையும் முடித்தவர். மியூனிக்கில் ஓடிய காலத்திலேயே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிவிட்டார். அமெச்சூர் விதிகள் கோலோச்சிய காலம் அது. ஓடிப் பணம் வாங்கினால் ஒலிம்பிக் கதவு அடைக்கப்பட்டுவிடும். வயிற்றுப்பாட்டுக்கு ஒவ்வொருவரும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இவருக்கு எழுத்து வாய்த்தது. அடுத்த கால் நூற்றாண்டு அளவுக்கு அதிலேயே இருந்தார். 2022-இல் காலமானார்.

மியூனிக்கில் அவர் போட்டியாளர், கூடவே எழுத்தாளர். செப்டம்பர் 5-ஆம் தேதி விடியற்காலை ஒலிம்பிக் கிராமத்துக்குள் ஆயுததாரிகள் நுழைந்தபோது அந்தக் கிராமத்தில் தங்கியிருந்தவர்களில் அவரும் ஒருவர். இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். போட்டிகள் நிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்கி, ஒரு நாள் தள்ளி 10-ஆம் தேதி மராத்தான் நடந்தது. இப்படிப்பட்ட ஒரு வாரத்தை அதிகாரிகளின் அறிக்கைகளை வைத்தும் எழுதலாம், அந்த வாரத்தின் முடிவில் தானே 42 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்த ஒருவன் என்ற நிலையிலிருந்தும் எழுதலாம். இரண்டாவதை எழுதக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அதே மராத்தானில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அரங்கத்தில் காத்திருந்த கூட்டம், முதலில் உள்ளே ஓடிவந்தவரைக் கரகோஷம் செய்து வரவேற்றது. அவர் போட்டியாளரே அல்லர். விளையாட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு சுரங்கவழியில் புகுந்துவிட்ட ஒரு ஜெர்மன் மாணவர். குட்டு வெளிப்பட்டதும் கூட்டம் கூச்சலும் சீழ்க்கையுமாக அவரை விரட்டியது. உண்மையில் முதலிடத்தில் வந்த ஃபிராங்க் ஷார்ட்டர் அந்தச் சீழ்க்கைக்கு நடுவேதான் உள்ளே வந்தார், தன்னையா திட்டுகிறார்கள் என்று புரியாமல். கடைசி 400 மீட்டரை மட்டும் பார்த்து மராத்தானைப் பற்றி எழுதுகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் வரும். அந்தப் பந்தயம் அரங்கத்தில் முடிவாகவில்லை. ஏறத்தாழ 15-ஆவது கிலோமீட்டரில் ஷார்ட்டர் கூட்டத்திலிருந்து பிரிந்தாரே, அங்கே முடிவானது. மிச்ச தூரம் முழுவதும் அவர் தனியாக ஓடினார். பின்னால் வந்தவர்கள், போகட்டும், வெயிலில் களைத்துத் தானாகத் திரும்பி வருவார் என்று கணக்குப் போட்டார்களா, அல்லது துரத்தக் காலில் தெம்பு இல்லையா? இந்தக் கேள்வி பின்னால் ஓடியவனுக்குத்தான் தோன்றும், பதிலும் அவனிடமே இருக்கும்.

ஓடத் தெரிந்தவர் பார்க்கிற பார்வையே வேறு. பத்துப் பேர் கும்பலாக ஓடும்போது நமக்குப் பத்துச் சட்டைகள் தெரிகின்றன. அவருக்கு, இதுவரை சீராக விழுந்துகொண்டிருந்த ஒரு காலடி இப்போது சற்று இழுத்து விழுவது காதில் விழும். தோள் காதை நோக்கி ஏறுவது தெரியும். தண்ணீர் மேசையில் கைநீட்டாமல் போகிறவரைப் பார்த்து, இது தைரியமா, நிதானம் தப்பியதா என்று யோசிப்பார். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீரத் தொடங்கும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிவிடும். தீரும்போது மனத்துக்குள் என்னென்ன பேரம் நடக்கிறது என்பதை அது சொல்லாது.

மூரை உருவாக்கிய பயிற்சியாளர் பில் பவர்மேன். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையையே ஓட வைத்த முரட்டு ஆசாமி. பிற்காலத்தில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவர்தான். மூர் இளவயதில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து தன்னையே அரைத்துக்கொண்டிருந்தாராம். பவர்மேன் அவர் கழுத்தைப் பிடித்து, இனி மூன்று வாரத்துக்கு நாளொன்றுக்கு மூன்று மைல், அதுவும் மெல்ல, அதற்குமேல் ஓர் அடி ஓடினாலும் அணியில் இடமில்லை என்றார். வேண்டாவெறுப்பாக அடங்கி நடந்த மூர், அடுத்துவந்த இரண்டு மைல் பந்தயத்தை 8 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். அதுவரை அவர் ஓடிய நேரங்கள் எல்லாம் இதன் பக்கத்திலேயே வராது. கடினமான நாளுக்கு அடுத்தது எளிய நாள் என்று இன்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லும் பாடம் அன்று பலருக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது.

அதே பவர்மேன், மூரின் பாதத்தில் எலும்பு விரிசல் கண்டபோது, அவர் அணிந்திருந்த காலணியை அறுத்துப் பார்த்துக் குறை கண்டு, புதிதாக ஒன்றை வடிவமைத்தார். பின்னால் கார்டெஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்றது அதன் வழி வந்ததுதான். இந்த இடத்தில் எனக்கு மூர்மீது சிறு மனத்தாங்கல் உண்டு. ஒரு பெரிய காலணி நிறுவனத்தின் பிறப்பில் தன் பாதமே சம்பந்தப்பட்டிருக்கும்போது, அந்த நிறுவனம் தடகளத்தில் என்ன செய்கிறது என்று எழுதுவது எளிதல்ல. குருவின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே 2006-இல் எழுதினார். பக்தி சற்றுத் தூக்கல் என்பேன். ஓடியவர் எழுத வரும்போது கூடவே வரும் ஆபத்து இது. தெரிந்தவர்கள் அதிகம், கடன்பட்டவர்களும் அதிகம்.

ஆனால் அதே நெருக்கம்தான், அவர் செய்ததிலேயே பெரிய காரியத்துக்கும் காரணம்.

மாமோ வோல்டேயிடம் திரும்புவோம். எத்தியோப்பியாவின் பேரரசர் காலத்து மெய்க்காவல் படையில் இருந்தவர். 1968 மெக்சிகோவில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அதே ஒலிம்பிக்கின் மராத்தானில், இரண்டு முறை தங்கம் வென்ற ஆபெபே பிகிலா காயத்தால் பாதியில் விலக, மாமோ கடைசிவரை ஓடித் தங்கத்தை எத்தியோப்பியாவிலேயே நிறுத்தினார். 1974-இல் பேரரசர் கவிழ்ந்தார், ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. அதன்பின் ‘செம்பயங்கரம்’ என்று பெயர்பெற்ற கொலைகள் நடந்தன. 1991-இல் அந்த ஆட்சியும் விழுந்தது. புதிய அரசு பழைய கொலைகளுக்குப் பொறுப்பானவர்கள் என்று பலரைப் பிடித்து உள்ளே போட்டது. அவர்களில் மாமோவும் ஒருவர். ஒரு சிறுவனின் கொலையில் பங்கு என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். விசாரணை முடியாமல் ஆண்டுகள் போயின.

ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அடிஸ் அபாபாவில் சிறையில் கிடக்கிறார் என்பது உலகத்துக்கு ஒரு வரிச் செய்தி. மூருக்கு அப்படியல்ல. மியூனிக்கில் தன்னிடமிருந்து பதக்கத்தைப் பறித்துக்கொண்டு போன அந்த முதுகு அது. 1995-இல் அவர் எத்தியோப்பியாவுக்குப் போய், மாமோவின் நிலையை ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்டில் விரிவாக எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. தன்னோடு ஓடியவர்களையும் ஒலிம்பிக் வட்டாரத்தையும் தட்டி எழுப்பினார். ஒலிம்பிக் கமிட்டியும் மனித உரிமை அமைப்புகளும் இந்த வழக்கில் குரல் கொடுத்தன.

கடைசியில் 2002-இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் மாமோவைக் குற்றவாளி என்றே சொன்னது. தண்டனை 6 ஆண்டு. அவர் ஏற்கெனவே சுமார் 9 ஆண்டு உள்ளே இருந்துவிட்டதால் விடுதலையானார். சில மாதங்களில், அந்த ஆண்டு மே மாதம், நோயில் இறந்துபோனார்.

நிருபர் என்பவர் கட்சி சேரலாமா, ஒருவருக்காகக் கொடிபிடித்தபின் அவர் எழுதுவதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தீர்ப்பு வேறு மாமோவுக்கு எதிராக வந்திருக்கிறது, கொல்லப்பட்ட சிறுவனுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும். ஆனாலும் நான் மூர் பக்கம்தான். தான் யார், மாமோவுக்கும் தனக்கும் என்ன உறவு என்பதை அவர் மறைத்தவரல்லர். ஆறு ஆண்டுத் தண்டனைக்குரியவரை ஒன்பது ஆண்டு தீர்ப்பே இல்லாமல் வைத்திருந்தது அநியாயம் என்று சொல்ல, அவர் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. நடுநிலை என்ற பெயரில் அந்தச் செய்தியை யாரும் தொடாமல் விட்டிருந்தால், அதற்கு நடுநிலை என்றா பெயர் வைப்பது?

நான்காம் இடத்துக்கு என்னிடம் இன்னொரு சாட்சி இருக்கிறார். 1976 மான்ட்ரியல் மராத்தானில் அமெரிக்காவின் டான் கார்டாங் வெண்கலத்தைச் சுமார் மூன்று விநாடியில் தவறவிட்டார். அன்று தங்கம் வாங்கிய கிழக்கு ஜெர்மனி வீரரின் பெயர், இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் வெளியான ஊக்கமருந்து ஆவணங்களில் அடிபட்டது; பதக்கம் அவரிடமே இருக்கிறது. எனக்கு அப்படி நேர்ந்திருந்தால் எழுத்தில் ஒரு பழம் புளிப்பு ஏறியிருக்கும். கார்டாங் எழுத்தாளராகி, ஓட்டத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். தன் ஊரான ஸ்போக்கேனில் 1977-இல் ஒரு பெரிய ஓட்டப் போட்டியையும் தொடங்கிவைத்தார்.

என் கட்சிக்கு இடையூறு செய்பவர் கிறிஸ் பிராஷர். பிரிட்டன்காரர், தங்கம் வாங்கியவர். 1954-இல் ரோஜர் பானிஸ்டர் 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது முன்பாதியில் வேகம் பிடித்துக்கொடுத்தது இவர்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் யாரும் எதிர்பாராமல் முதலில் வந்தார். வந்த சூட்டிலேயே, இன்னொருவரை இடித்தார் என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் அவரோடு ஓடிய போட்டியாளர்களே அவருக்காகப் பேசினார்கள், தங்கம் திரும்பக் கிடைத்தது. பிறகு அப்சர்வர் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியரானார். 1979-இல் நியூயார்க் மராத்தானில் ஓடிவிட்டு வந்து, லண்டனால் இப்படி ஒரு விழாவை நடத்த முடியுமா என்று கேட்டு எழுதினார். கேள்வியோடு விடாமல் 1981 மார்ச்சில் நடத்தியும் காட்டினார். தங்கம் வாங்கியவர்தானே என்று நீங்கள் மடக்கலாம். மூன்று மணி நேரமாவது தங்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வேன்.

இன்று ஒளிபரப்பு நிறுவனங்கள் ஓய்வுபெற்ற நட்சத்திரங்களைக் கோட்டு மாட்டி உட்கார வைக்கின்றன. தங்கத்தின் எண்ணிக்கையைப் பார்த்து ஒலிவாங்கியைக் கொடுக்கிறார்கள். அவர்களில் நன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெற்றி எளிதாக வந்தவருக்கு, தோற்றவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: ‘எப்படி உணர்கிறீர்கள்?’ அடுத்த மராத்தான் ஒளிபரப்பில் 25-ஆவது கிலோமீட்டரில் கவனியுங்கள். முன்னால் ஓடுகிறவரின் பழைய சாதனைகளை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். பின்தங்கத் தொடங்கியவர் எந்த அடியில், எதனால் விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்.