தராசுக்கு முன்னால் நாணயத்தின் ஆண்டைப் பாருங்கள்

அடகுக்கடைகளில் மீட்கப்படாமல் போகும் பழம்பொருட்களைப் பேரம் பேசிக் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. விற்கப் போகும் குடும்பங்களின் பக்கத்தையும் அது பேசியிருக்க வேண்டும்.

மதுரையில் நகைக்கடைகள் உள்ள தெற்காவணி மூல வீதிப் பக்கம் பாட்டி வைத்திருந்த வெள்ளி ரூபாய்களைக் கொண்டுபோனால், அவை பெரும்பாலும் நேராகத் தராசுக்குத்தான் போகும். பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் வெள்ளி நாணயத்தின் எடை 11.66 கிராம், 1939 வரை அச்சானவற்றில் ஏறத்தாழ 91.7 சதவீதம் வெள்ளி உண்டு, 1940 முதல் 1945 வரையிலானவற்றில் பாதிதான். ஆகவே ஆண்டு பிரிக்காமல் ஒரே குவியலாக்கி, 'கழிவு போக இவ்வளவுதான்' என்று சொல்லப்படும் விலையை யாரும் ஏற்க வேண்டியதில்லை. அரிய ஆண்டும், எங்கே அச்சானது என்று காட்டும் நாணயச்சாலைக் குறியும் உள்ள காசுக்குச் சேகரிப்பாளர்கள் வெள்ளி விலையைவிட அதிகம் தருவார்கள் என்பதால், அவற்றைத் தனியே எடுத்துவைத்துப் பேச வேண்டும். தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அந்தப் பளபளப்பு மதிப்பைக் குறைத்துவிடும்.

வாங்குவோருக்கு வேறு கவலை உண்டு. நூறாண்டு கடந்த உலோகச் சிலைகளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வைகை மணலில் கிடைத்தது என்று சொல்லி நாயக்கர் காலச் செப்புக்காசை நீட்டினாலும் யோசியுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சிலைக்குப் பதிவுச் சான்று காட்டாத இடத்தில், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் பேரத்தைத் தொடர மாட்டேன்.